அம்மிணியின் கழுத்தில் பட்டை கட்டிவிட்டுப் போனவர்களுக்கு

கால்நடைகளின் நடத்தையையும் நலத்தையும் ஆய்வு செய்கிற ஐயாமாருக்கும் அம்மாமாருக்கும்,

அடுத்த மாதம் எங்கள் பகுதிக்கு மறுபடியும் ஆய்வுக்கு வரப்போவதாகப் பால் சொசைட்டியில் அறிவிப்பு ஒட்டியிருக்கிறீர்கள். முன்பு கலந்துகொண்ட வீடுகளுக்கு முன்னுரிமை என்று அதில் இருக்கிறது. அந்த வீடுகளில் ஒன்று என்னுடையது. முதல் ஆய்வில் என்ன தெரிந்தது என்று இன்றுவரை எனக்கு யாரும் சொல்லவில்லை. அந்த ஆய்வில் என் பசு அம்மிணிக்கு ஏற்பட்ட புண்ணைப் பற்றியும் யாரும் கேட்கவில்லை. அறிவிப்பைப் படித்த அன்று ராத்திரியே இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் குலசேகரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறேன். அரை ஏக்கர் ரப்பர், வீட்டைச் சுற்றிக் கொஞ்சம் தெங்கும் வாழையும், இரண்டு கறவை, நாலு ஆடு. கல்யாணம் ஆகி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து மாடு என் பொறுப்பு, இருபத்தெட்டு வருடம் ஆகிறது. உங்கள் நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. படித்தால் உங்களுக்கே தெரியும். பெயரைப் போட்டால் ஒரு நிறுவனத்தின் மேல் சொன்ன புகாராக இது சுருங்கிவிடும். ஆனால் வேறு ஊர்களில் வேறு நிறுவனங்களும் இப்படித்தான் வந்து போகிறார்கள் என்று சொசைட்டிக்கு வருகிறவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

போன வருடம் மே மாதக் கடைசியில் உங்களிடமிருந்து இரண்டு பிள்ளைகள் வந்தார்கள். நல்ல பிள்ளைகள். கொடுத்த கட்டன் சாயாவைக் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வைத்த பிள்ளைகள். அவர்கள் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. அம்மிணியின் கழுத்தில் ஒரு பட்டையைக் கட்டினார்கள். மாடு எவ்வளவு நேரம் அசை போடுகிறது, எவ்வளவு நேரம் படுக்கிறது என்று அதிலிருக்கும் கருவி கணக்கெடுக்கும் என்றார்கள். இரண்டு வாரத்தில் வந்து கழற்றிக்கொள்வோம் என்றார்கள். மாட்டின் நலத்துக்கான ஆய்வு என்றதும் எனக்கு மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. காகிதத்தில் கையெழுத்துப் போட்டேன்.

ஐந்தாம் நாள் இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை, பிடித்துக்கொண்டது. எங்கள் மலையோரத்தில் அந்த மழை எப்படிப் பெய்யும் என்று இந்த ஊரில் ஒருவரிடம் கேட்டிருந்தாலே சொல்லியிருப்பார்கள். துணி காயாது, விறகு காயாது, மாட்டின் கழுத்தும் காயாது. ஈரத்தில் பட்டை உரசி உரசி ரோமம் போனது. பன்னிரண்டாம் நாள் தோல் சிவந்திருந்ததைப் பார்த்து, நீங்கள் கொடுத்த எண்ணுக்குப் போன் செய்தேன். ஆள் அனுப்புகிறோம் என்றார்கள். பதினைந்தாம் நாள் மறுபடி செய்தேன். கருவி விலை கூடியது, நீங்களாகக் கழற்ற வேண்டாம், இதோ வருகிறோம் என்றார்கள். அதற்குப் பிறகு அந்த எண்ணில் யாரும் எடுக்கவில்லை.

இருபதாம் நாள் காலையில் கறக்கப் போனால் அம்மிணி கழுத்தைத் தூணில் தேய்த்துக்கொண்டு நின்றாள். பட்டைக்கு அடியில் விரலை விட்டேன். புழு வைத்திருந்தது. அரிவாளை எடுத்துப் பட்டையை அறுத்தேன். கால்நடை டாக்டர் வந்து புழுவை எடுத்து ஊசி போட்டார். வெளியே வாங்கிய மருந்துக்கு 1,400 ரூபாய். ஒரு வேளைக்கு நாலு லிட்டர் கறந்துகொண்டிருந்தவள் இரண்டாகக் குறைத்தாள். மூன்று வாரம் ஊசிப் பால் என்று சொசைட்டிக்கும் கொடுக்கவில்லை, வீட்டுக்கும் எடுக்கவில்லை.

அப்புறம் ஒருவர் பைக்கில் வந்தார். அறுந்த பட்டையை வாங்கிப் பார்த்தார், கருவி வேலை செய்கிறது என்று சொன்னார், பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டார். என்னிடம் ஒரு கையெழுத்து வாங்கினார். எங்கள் தொழுத்து, அதாவது மாட்டுக் கொட்டில், அவர் நின்ற இடத்திலிருந்து பத்தடி. அங்கே கழுத்தில் மருந்து பூசி நிற்கிற பசுவை அவர் எட்டிப் பார்க்கவில்லை.

நாலு மாதம் கழித்து நாகர்கோவிலில் கூட்டம் நடத்தி ஆய்வு முடிவுகளை வெளியிட்டதாகப் பேப்பரில் படம் வந்தது. மேடையில் ஒன்பது பேர் இருந்தார்கள். எங்கள் சொசைட்டியில் பால் ஊற்றுகிற ஒருவரையும் அந்தக் கூட்டத்துக்குக் கூப்பிடவில்லை.

அந்தப் படத்தைப் பார்த்த பிறகுதான், மாட்டின் நலம் பற்றி உலகத்தில் உண்மையிலேயே என்ன கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. நான் பத்தாம் வகுப்பு. மகள் கல்லூரியில் படிக்கிறாள். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் அவள் போனில் தேடி, ஆங்கிலத்தில் படித்து, எனக்குத் தமிழில் சொல்வாள். ஒரு மாதம் இப்படிக் கேட்டேன். கேட்கக் கேட்க உங்கள் மேல் இருந்த மனக்குறை கூடியதே தவிரக் குறையவில்லை. காரணம், அதில் அவ்வளவு நல்ல விஷயங்கள் இருக்கின்றன.

ஒன்றைச் சொல்கிறேன். கறவை மாடு ஒரு நாளில் 10 முதல் 12 மணி நேரம் படுத்திருக்க வேண்டுமாம். படுக்கவும் விடாமல் தின்னவும் விடாமல் கொஞ்ச நேரம் வைத்திருந்து அவிழ்த்துவிட்டால், பசியோடு இருக்கிற மாடுகூட முதலில் படுக்கத்தான் போகிறதாம். இதை மகள் சொன்னபோது நான் எழுந்துபோய்த் தொழுத்தில் லைட்டைப் போட்டுப் பார்த்தேன். அம்மிணி நின்றுகொண்டிருந்தாள். சாணம் ஒரே இடத்தில் விழட்டும், கழுவ வசதியாக இருக்கட்டும் என்று கயிற்றைத் தொட்டியோடு சேர்த்துக் குட்டையாகக் கட்டுவது எங்கள் வீட்டுப் பழக்கம். மாமியார் அப்படித்தான் கட்டினார், நானும் அப்படியே கட்டினேன். தரை சிமெண்ட். அவள் முழங்காலில் இருந்த வீக்கத்தை வயசு என்று நினைத்திருந்தேன்.

மறுநாளே கயிற்றை இரண்டு முழம் நீட்டினேன். மார்த்தாண்டத்தில் ஒரு ரப்பர் விரிப்பு வாங்கிப் போட்டோம். ரப்பர் மரத்துக்கு நடுவில்தான் குடியிருக்கிறோம், விடியுமுன்னே எழுந்து பால் வெட்டுகிறோம், ஆனால் அந்த ரப்பரில் செய்த விரிப்பு எங்கள் மாட்டுக்கு உதவும் என்று இத்தனை வருடத்தில் எங்களுக்கு ஒருவர் சொன்னதில்லை. இரண்டு மாதத்தில் முழங்கால் வீக்கம் நன்றாக வற்றியது. இப்போது ராத்திரி போய்ப் பார்த்தால் அனேகமாகப் படுத்து அசை போட்டுக்கொண்டிருப்பாள்.

உங்கள் பட்டை அவள் எவ்வளவு நேரம் படுத்தாள் என்று இருபது நாள் கணக்கெடுத்ததே. அவள் போதுமான நேரம் படுக்கவில்லை என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கயிற்றை நீட்டுங்கள் என்று ஒரு வரி, ஒரு போன், போதாதா? அதைச் சொல்லாமல் எப்படி இருக்க முடிந்தது?

உங்கள் படிவத்தைப் பற்றியும் பேச வேண்டும். ஒரு பிரதியை அந்தப் பிள்ளைகள் என்னிடம் விட்டுப் போயிருந்தார்கள். நடைபாதையில் மாடுகள் வழுக்குகின்றனவா, ஒரு மாட்டுக்கு எத்தனை படுக்கைத் தடுப்பு இருக்கிறது, மந்தையில் மாடுகள் ஒன்றையொன்று முட்டுகின்றனவா என்றெல்லாம் அதில் கேள்வி. என்னிடம் இருப்பது இரண்டு மாடு. நடைபாதை எங்கே, மந்தை எங்கே? 2004 முதல் 2009 வரை ஐரோப்பாவில் பல நாடுகள் சேர்ந்து பண்ணை விலங்குகளின் நலத்தை அளக்க முறைகள் வகுத்தார்கள் என்று மகள் படித்துச் சொன்னாள். நல்ல தீவனம், நல்ல இருப்பிடம், நல்ல உடல்நலம், அந்த விலங்குக்கு இயல்பான நடத்தை என்று நாலு அடிப்படை. அந்த நாலையும் நான் மனதார ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அவர்கள் கேள்விகளை அவர்களுடைய கொட்டகையைப் பார்த்து எழுதினார்கள். நீங்கள் எங்கள் தொழுத்தைப் பார்த்து அல்லவா எழுத வேண்டும்? கட்டுக்கயிறு எவ்வளவு நீளம் என்ற கேள்வி உங்கள் படிவத்தில் இல்லை. எங்கள் பக்கத்தில் முக்கால்வாசி மாடுகள் நாள் முழுக்கக் கயிற்றில் நிற்கின்றன.

அம்மிணி மனிதரைக் கண்டு பயப்படுகிறாளா என்று பார்க்க ஒரு சோதனை செய்தார்கள். இரண்டு மீட்டர் தள்ளி நின்று, கையை நீட்டிக்கொண்டு, ஒரு நொடிக்கு ஒரு காலடி என்று மெதுவாக நடந்து அவள் முகத்தை நோக்கிப் போவது. எவ்வளவு தூரத்தில் அவள் பின்வாங்குகிறாள் என்று அளப்பது. அவள் கயிறு முறுகும் அளவுக்குப் பின்னால் போனாள். மனிதரிடம் அச்சம் அதிகம் என்று எழுதிக்கொண்டார்கள். அந்தத் தம்பி வெள்ளைக் கோட்டு போட்டிருந்தார். இங்கே வெள்ளைக் கோட்டு போட்டு வருகிறவர் சினை ஊசி போடவோ தடுப்பூசி போடவோ வருகிறவர்தான். மாடு உடையின் நிறத்தை வைத்து ஆட்களைப் பிரித்தறியும், தன்னிடம் கடுமையாக நடந்துகொண்டவரை நினைவில் வைத்து விலகிப் போகும் என்று ஆராய்ச்சிகளே சொல்லியிருக்கின்றன. உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கும். கோட்டைக் கழற்றிவிட்டு வாருங்கள் தம்பி என்று நான் சொன்னேன். விதிமுறை அப்படி என்றார்.

பெயர் விஷயம் ஒன்று. படிவத்தில் அம்மிணிக்கு 'கே-17' என்று எண் போட்டிருந்தது. பெயர் எழுத இடம் இல்லை. எங்கள் ஊரில் பெயர் வைக்காத கறவை கிடையாது. 2009இல் இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 516 பால் பண்ணைக்காரர்களிடம் கேட்டுப் பார்த்தார்களாம். பசுவைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற பண்ணைகளில் ஒரு பசுவுக்கு வருடத்துக்கு 258 லிட்டர் பால் கூடுதலாக இருந்ததாம். பெயரினாலேயே பால் கூடியது என்று நான் சொல்ல வரவில்லை. பெயர் வைக்கிறவர் மாட்டை ஒவ்வொன்றாகக் கவனிக்கிறவராக இருப்பார், அதனால் இருக்கலாம். ஆனால் அவர்கள் அதை ஒரு கேள்வியாக மதித்துக் கேட்டார்கள். பயந்த பசு பாலை அடக்கிக்கொள்ளும் என்பது எங்கள் வீட்டுக் குழந்தைகளுக்கும் தெரியும். பயத்தில் உடம்பில் சுரக்கிற அட்ரினலின், பாலை இறக்கிவிடுகிற ஆக்சிடோசினைத் தடுக்கிறது என்ற காரணம் எனக்கு இப்போதுதான் தெரிந்தது. இரண்டு அறிவும் ஒரே இடத்தில் சேர்ந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

2017 நவம்பர் 30, ஒக்கி புயல். எங்கள் தோட்டத்தில் ரப்பர் மரங்கள் வரிசையாகச் சாய்ந்தன. ஒரு மரம் தொழுத்தின் மேற்குப் பக்கம் விழுந்து கூரை ஓடுகளை நொறுக்கியது. உள்ளே நின்றது அம்மிணியின் தாய், நிறைமாதச் சினை. அடிபடவில்லை. தை மாதம் தொழுத்தைச் சரிசெய்தோம். அவள் அந்த மேற்குப் பக்கம் போகவே இல்லை. கன்று போட்ட பிறகும் காற்று அடிக்கிற நாளில் பாலை இறக்க மாட்டாள். மடி நிறைந்து நிற்கும், காம்பில் வராது. அவளைக் கிழக்குப் பக்கம் மாற்றிக் கட்டி, நான் பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பேசினால்தான் இறக்குவாள். அடுத்த ஓணம் வரைக்கும் இது இருந்தது. இந்த மாவட்டத்தில் அன்று எத்தனை தொழுத்துகள் சாய்ந்தன, அந்த மாடுகள் பிறகு எப்படி நடந்துகொண்டன என்று யாராவது வந்து கேட்டிருந்தால் வீட்டுக்கு வீடு சொல்லியிருப்போம். உங்கள் பிள்ளைகளிடம் நான் இதைச் சொன்னேன். அந்தப் பெண் ஆசையாகக் கேட்டாள். பிறகு, இதை எழுத இடம் இல்லையே அக்கா என்றாள்.

கன்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். இது எனக்கு எளிதல்ல. அம்மிணி போன தடவை போட்டது காளைக்கன்று. இருபத்தைந்து நாளில் விற்றுவிட்டோம். இங்கே காளைக்கன்றை வைத்து வளர்க்க யாருக்கும் வகையில்லை. அவள் மூன்று நாள் கத்தினாள். படிவத்தில் 'கன்றுகளின் எண்ணிக்கை' என்ற இடத்தில் பூஜ்யம் என்று எழுதினார்கள். அந்தப் பூஜ்யத்துக்குப் பின்னால் இருப்பதை ஒருவரும் கேட்கவில்லை. கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்காரர்கள் கன்றுகளுக்கு ஒரு பழக்கம் கொடுத்தார்களாம். திரையில் ஒரு நிறம் வந்தால் கிட்டே போனால் பால் கிடைக்கும். வேறு நிறம் வந்தால் கிடைக்காது. கன்றுகள் அதைக் கற்றுக்கொண்ட பிறகு இரண்டுக்கும் நடுவிலுள்ள நிறத்தைக் காட்டினார்கள். தாயிடமிருந்து பிரித்த பிறகு, அந்த நடு நிறத்தைப் பார்த்துப் பால் கிடைக்கும் என்று நம்பிப் போவது குறைந்துவிட்டதாம். கொம்பு சுட்ட பிறகும் அப்படியேதானாம். 2014இல் இதை வெளியிட்டிருக்கிறார்கள். மகள் இதைப் படித்துச் சொன்ன ராத்திரி நான் தூங்கவில்லை. கன்று நம்பிக்கை இழக்கிறது என்று ஒருவர் அளந்து காட்டியிருக்கிறார். இதைத் தெரிந்துகொண்டு நான் என்ன செய்ய வேண்டும்? கன்றை எத்தனை நாள் தாயோடு விட்டால் இரண்டுக்கும் வலி குறையும்? அதிக நாள் சேர்ந்திருந்தால் பிரிக்கும்போது கத்தல் இன்னும் அதிகம் என்றும் படித்தோம். காளைக்கன்றை வளர்க்கிற வீட்டுக்கு ஏதாவது வழி உண்டா? இப்படிப்பட்ட கேள்விகளுக்காகத்தானே உங்களைப் போன்றவர்கள் எங்களுக்கு வேண்டும்.

கடைசியாகச் சட்டம். 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தில் விலங்குகள் மேல் நடக்கும் சோதனைகளைப் பற்றித் தனி அத்தியாயமே இருக்கிறது. சோதனைக்கு முன்பும், சோதனையின்போதும், அது முடிந்த பின்பும் விலங்குக்குத் தேவையில்லாத வலி வராமல் பார்க்க ஒரு குழு என்று அதில் சொல்லியிருக்கிறது. கழுத்தில் பட்டை கட்டுவது சோதனைக் கணக்கில் வருமா வராதா என்று நீங்கள் வாதாடலாம். நான் வாதாட வரவில்லை. 'முடிந்த பின்பும்' என்ற வார்த்தையை மட்டும் நீங்கள் இன்னொரு தடவை படிக்க வேண்டும் என்று கேட்கிறேன்.

சரி, நான் கேட்பது இவை.

புதிய ஆய்வைத் தொடங்கும் முன் பழைய ஆய்வின் முடிவைச் சொல்லுங்கள். தமிழில், எங்கள் சொசைட்டியில், பால் ஊற்ற எல்லோரும் வருகிற சாயங்கால நேரத்தில் வந்து சொல்லுங்கள். வீடு வீடாக எடுத்த கணக்கை அந்தந்த வீட்டுக்குக் கொடுங்கள். அம்மிணி ஒரு நாளில் எத்தனை மணி நேரம் படுத்தாள் என்ற கணக்கு எனக்கு வேண்டும்.

மாட்டின் உடம்பில் ஒரு கருவியைக் கட்டினால், அதற்குப் பொறுப்பான ஒருவரின் பெயரையும் எண்ணையும் எழுதிக் கொடுங்கள். கூப்பிட்டால் ஒரு நாளுக்குள் அவர் வர வேண்டும். வராவிட்டால் கழற்றிவிட எங்களுக்கு உரிமை உண்டு என்று கையெழுத்து வாங்குகிற அதே காகிதத்தில் எழுதுங்கள். மழைக்காலத்தில் பட்டை கட்டாதீர்கள். அம்மிணிக்கு வந்த புண்ணை உங்கள் ஆய்வறிக்கையில் சேருங்கள், அடுத்த மாட்டுக்கு வராமல் இருக்க அது உதவும். மருந்துக்கான 1,400 ரூபாயையும் கொடுத்துவிடுங்கள், ரசீது வைத்திருக்கிறேன்.

கேள்விகளை எழுதும்போது எங்களையும் உட்கார வையுங்கள். முக்கியமாகப் பெண்களை. இங்கே கறப்பதும் குளிப்பாட்டுவதும் ராத்திரி எழுந்து பார்ப்பதும் அவர்கள்தான். ஆனால் போன தடவை பல வீடுகளில் வீட்டுக்காரரிடம்தான் கேள்வி கேட்டுவிட்டுப் போனீர்கள். கயிற்றின் நீளம், தரையின் ஈரம், காளைக்கன்று என்ன ஆகிறது, மரச்சீனி (மரவள்ளி) இலையைத் தின்று ஆடு சாவது, இவையெல்லாம் படிவத்தில் வர வேண்டும். மரச்சீனி இலையால் என் கையிலேயே இரண்டு ஆடு போயிருக்கிறது. அதன் விஷத்துக்கு மாற்று மருந்து உண்டு என்றும் உடனே போட வேண்டும் என்றும் பிறகுதான் தெரிந்தது.

இவற்றுக்குச் சம்மதம் என்றால் என் வீட்டுக்கு வாருங்கள், அம்மிணியையும் ஆய்வுக்குத் தருகிறேன். சம்மதம் இல்லையென்றால் முன்னுரிமைப் பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்துவிடுங்கள். சொசைட்டியில் மற்றவர்களிடமும் இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டியிருக்கிறேன். பதினோரு வீட்டுக்காரர்கள் இதே முடிவில் இருக்கிறார்கள்.

வருவதானால் காலை பதினோரு மணிக்கு மேல் வாருங்கள். அதற்கு முன்பு கறவையும் ரப்பர் பால் எடுப்பும் இருக்கும். வெள்ளைக் கோட்டு வேண்டாம். முதலில் தொழுத்துக்கு வந்து அவள் கழுத்தைப் பாருங்கள், ரோமம் முளைக்காத இடம் இன்னும் இருக்கிறது.

இப்படிக்கு,
அம்மிணியை வளர்ப்பவள்,
குலசேகரம் பக்கம், கன்னியாகுமரி மாவட்டம்